ஒன்றரை நாளில் ஒரு பழைய ஊர்: திட்டம் போட உதவுங்களேன்

வணக்கம். அடுத்த மாதம் நானும் அம்மாவும் ஒரு சிறிய ஊருக்குப் போகிறோம். பழைய கடைத்தெரு, ஊரை ஒட்டிய நடைபாதைகள், ஓவியர்களும் குயவர்களும் வேலை செய்யும் கூடங்கள் எல்லாம் அங்கே உண்டு. கையில் இருப்பது ஒன்றரை நாள்தான்.

போன முறை இப்படி ஓர் ஊருக்குத் திங்கட்கிழமை போய், பூட்டிய கதவுகளைப் பார்த்துவிட்டு வந்தோம். ஒரே லாபம், அண்ணாந்து பார்த்தது. முகப்பின் உச்சியில் கட்டிய ஆண்டு, பக்கச் சுவரில் மங்கிப்போன விளம்பர எழுத்து. கீழே கண்ணாடியும் பெயர்ப்பலகையும் எத்தனையோ முறை மாறியிருக்கும். பழசு மிஞ்சியிருப்பது மாடியில்தான். இந்தத் தடவை கடைகளுக்கு உள்ளேயும் போக ஆசை.

நடைதான் குழப்பம். நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892-ல் சொன்ன நடைக் கணக்குப்படி சுமார் 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி. அது நல்ல கால் உள்ளவர்களுக்கு. அம்மாவுக்கு முழங்கால் வலி, ஏற்றத்தைவிட இறக்கம்தான் படுத்துகிறது. நான் இரண்டு மடங்கு நேரம் வைத்திருக்கிறேன். போதுமா? நடையைக் காலையிலேயே முடித்துவிடலாமா?

கலைக்கூடங்களுக்குப் போன் செய்துவிட்டுத்தான் போக வேண்டுமா? கதவு திறந்திருந்தாலும், வேலையாக இருப்பவரைத் தொந்தரவு செய்யக் கூச்சமாக இருக்கிறது.

அப்புறம், பீங்கான் குவளையை உடையாமல் எப்படிக் கொண்டுவருவது? சென்ற முறை துண்டில் சுற்றிப் பையில் வைத்தேன். வீட்டுக்கு வந்து பிரித்தால் கைப்பிடி தனியாக வந்தது.