“இரட்சிக்கப்பட்டீங்களா?” இந்தக் கேள்வி உங்களை உறுத்திய ஒரு சம்பவம் சொல்லுங்கள்

முதலூர்ப் பேத்தி

எட்டு வருடம் ஆகிறது. அப்பாவின் அந்த விரல்கள் இன்னும் என் கைக்குள் அசைகிற மாதிரியே இருக்கிறது. யாரிடமாவது சொல்லவேண்டும் என்றுதான் இதைத் தொடங்குகிறேன்.

அம்மாவுக்கு முதலூர். 1799-ல் கிறிஸ்தவர்களுக்கென்றே உண்டான ஊர். தலைமுறை தலைமுறையாக அந்தக் கோயில்தான். அப்பா விளாத்திகுளம் பக்கம், குலதெய்வத்துக்குக் கிடா வெட்டுகிற குடும்பம். கல்யாணம் எப்படி நடந்தது, யார் யார் பேச்சை நிறுத்தினார்கள் என்பதெல்லாம் தனிக்கதை. கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு அப்பா எங்களை ஸ்கூட்டரில் கொண்டுவந்து விடுவார். உள்ளே வரமாட்டார். வெளியே வேப்பமரத்தடியில் கடைசிப் பாட்டு முடிகிறவரை நிற்பார், பனியிலும்.

பக்கவாதம் வந்து ஐ.சி.யூ.வில் கிடந்தார். மூன்றாம் நாள் ஊரிலிருந்து பெரியம்மா வந்தார். வலது பக்கம் முழுக்கச் செயலிழந்திருந்தது, இடது கையை நான் பிடித்திருந்தேன். பெரியம்மா குனிந்து அவர் காதுக்குள் ரோமர் 10:9 சொன்னார். “உன் வாயினாலே அறிக்கையிட்டு” என்கிற இடம் வந்ததும் நிறுத்திவிட்டார். அப்பா வாயில் குழாய் இருந்தது. “தம்பி, கேக்குதா? இயேசுவ ஏத்துக்கிடுதீங்களா? ஏத்துக்கிட்டா புள்ள கைய அமுக்குங்க.”

அமுக்கினார்.

பெரியம்மா அங்கேயே முழங்கால் போட்டுவிட்டார். நர்ஸ் வந்துதான் எழுப்பினார். வெளியே வந்து அம்மாவைக் கட்டிக்கொண்டு “ஆத்துமா தப்பிச்சிட்டு” என்று அழுதார். ராத்திரிக்குள் நாசரேத், மெஞ்ஞானபுரம், சென்னை என்று எல்லா வீட்டுக்கும் போன் போய்விட்டது. அப்பா மறுநாள் விடியுமுன் போய்விட்டார்.

நான் யாரிடமும் சொல்லாதது இதுதான். அன்று காலையில் “தண்ணி வேணுமாப்பா” என்று கேட்டபோதும் அதே மாதிரி அமுக்கினார். “வலிக்குதா” என்றபோதும் அமுக்கினார். ஒன்றும் கேட்காதபோதும் இரண்டு தடவை.

இயேசு ஒருவரே இரட்சகர் என்று நானும் விசுவாசிக்கிறவள்தான். அப்போஸ்தலர் 4:12 சிறு வயதிலேயே மனப்பாடம், “வேறொரு நாமம் கட்டளையிடப்படவும் இல்லை.” அது சத்தியம் என்றால், அப்பா எதற்காக அமுக்கினார் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. இப்படி யாருக்காவது நேர்ந்திருக்கிறதா?

தாமிரபரணிக்கரை

நான் இந்து. ஆனாலும் சொல்கிறேன், எனக்கும் ஒன்று உறுத்துகிறது.

திருச்செந்தூர் பாசஞ்சரில் போய்க்கொண்டிருந்தேன். பச்சை வேட்டி, கழுத்தில் மாலை, மொட்டை நேர்ச்சை. எதிர் சீட்டில் வெள்ளைச் சேலை கட்டிய ஒரு பாட்டி. செய்துங்கநல்லூர் தாண்டியதும் பேச ஆரம்பித்தார். என் வேலை, என் அம்மாவின் மூட்டுவலி, எல்லாம் விசாரித்தார். ஸ்ரீவைகுண்டத்தில் டப்பாவைத் திறந்து தயிர்ச்சோறும் மாவடுவும் கொடுத்தார். விரதம் என்றேன். வற்புறுத்தவில்லை, அவரும் சாப்பிடாமல் மூடி வைத்துவிட்டார்.

நாசரேத் வந்தது. இறங்கும்போது இயேசுவைப் பற்றிய ஒரு கைப்பிரதியை நீட்டினார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. இவ்வளவு நேரம் பேசியது இதற்குத்தானா என்று கேட்டுவிட்டேன். அவர் பதில் பேசவில்லை. பிளாட்பாரத்தில் இறங்கி, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “கோவப்படாதீங்க தம்பி. நல்ல புள்ளையா இருக்கீங்க. அங்க போனப்புறம் உங்களப் பாக்க முடியாமப் போயிருமோன்னு பயமா இருக்கு” என்றார். கண் நிறைந்திருந்தது. வண்டி நகர்ந்துவிட்டது.

என் முருகனைக் கும்பிடப் போகிறவனிடம் அப்படிச் சொல்லலாமா? சொல்லக்கூடாது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். யாருடைய சாமியும் குறைந்ததில்லை. ஆனால் முன்பின் தெரியாத எனக்காக வேறு யாரும் அப்படிப் பயந்து நான் பார்த்ததில்லை. கைப்பிரதியைக் குரும்பூர் வருவதற்குள் கிழித்துப் போட்டேன். அந்த முகத்தைப் போட முடியவில்லை.

பனங்காடு

சுருக்கமாக என்னுடையது. வி.பி.எஸ்., அதாவது பிள்ளைகளுக்கான விடுமுறை வேதாகமப் பள்ளிக்குப் போயிருந்தோம், எனக்கு எட்டு வயது. எழுத்தே இல்லாத அந்தப் புத்தகம் தெரியும் அல்லவா? கருப்புப் பக்கம் பாவம், சிவப்பு இரத்தம், வெள்ளை கழுவப்பட்ட இருதயம், பொன் நிறம் பரலோகம், அட்டை பச்சை. டீச்சர் ஒவ்வொரு பக்கமாகத் திருப்பிப் பாடம் சொன்னார். அழகாகச் சொன்னார்.

சாயங்காலம் தெருவில் பாண்டி விளையாடும்போது என் சிநேகிதி கட்டத்துக் கோட்டை மிதித்துவிட்டாள். சண்டை வந்தது. “நீ கருப்புப் பக்கம், நான் வெள்ளைப் பக்கம். நீ எரிஞ்சுதான் போவே” என்றேன். அவள் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். என்னைவிட நிறம் குறைவு அவள். நிறத்தைச் சொல்கிறேன் என்றுதான் நினைத்திருக்கிறாள்.

எனக்கு இப்போது நாற்பத்தொன்று. நானே வி.பி.எஸ். டீச்சர். அந்தப் புத்தகத்தைக் கையில் எடுக்கும்போதெல்லாம் முதல் பக்கத்தில் விரல் நின்றுவிடுகிறது.

கிருபை 1998

சகோதரி முதலூர்ப் பேத்தி அவர்களுக்கு ஸ்தோத்திரம்.

நான் இரட்சிக்கப்பட்டது 1998. என் தம்பி இரட்சிக்கப்படவில்லை. ஈரல் கெட்டு மூன்று மாதம் கிடந்தான். மூன்று முறை கேட்டேன், மூன்று முறையும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். நல்ல நினைவோடுதான் இருந்தான். உங்கள் அப்பாவின் விரல் அசைந்தது என்று படித்தபோது நான் எழுந்து போய்விட்டேன். அந்த ஒரு அசைவுக்கு நான் எதையும் கொடுத்திருப்பேன். என் கதை அவ்வளவுதான்.

இப்போது உங்களுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். முதலாவது, காலையில் அமுக்கியதையும் மத்தியானம் அமுக்கியதையும் எடைபோடுவதை நிறுத்துங்கள். சிலுவையில் தொங்கிய கள்ளனுக்கு ஞானஸ்நானம் இல்லை, சபை இல்லை, ஒரு வாக்கியம்தான் இருந்தது. “இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்” என்று பதில் கிடைத்தது. வாக்கியம் சொல்ல வாய் இல்லாதவரின் இருதயத்தை ஆண்டவர் வாசிக்கமாட்டாரா? இரண்டாவது, காது கடைசிவரை கேட்கும் என்று ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற எங்கள் சபையார் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆகவே உங்கள் பெரியம்மா செய்தது வீண் அல்ல.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் சொல்கிறேன். ஐ.சி.யூ. வரை காத்திருக்காதீர்கள். மனுஷன் நன்றாக நடமாடும்போதே, டீக்கடையில் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுங்கள். படுக்கைக்குப் போகும்போது நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள், ஒருவர் போங்கள். சத்தம் போட்டு ஜெபிக்காதீர்கள். அவர் காலைப் பிடித்துவிடுங்கள், வாந்தியைத் துடையுங்கள், அப்புறம் பேசுங்கள். நான் தம்பியிடம் வசனத்தோடுதான் போனேன், கஞ்சியோடு போகவில்லை.

தாமிரபரணிக்கரை அண்ணனுக்கு ஒரு வார்த்தை. எல்லாச் சாமியும் ஒன்று என்று நானும் நம்பியிருந்தால் தம்பியை நினைத்து நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். “என்னாலேயல்லாமல் ஒருவனும் பிதாவினிடத்தில் வரான்” என்று யோவான் 14:6-ல் அவரே சொல்லியிருக்கும்போது, என் நிம்மதிக்காக அதை நான் மாற்ற முடியாது.

நாகைக் கடலோரம்

கிருபை, உங்கள் தம்பிக்காக வருந்துகிறேன். ஆனால் அவர் கதை முடிந்துவிட்டது என்று நீங்கள் தீர்ப்பு எழுதுவதை ஏற்க முடியவில்லை.

நாங்கள் கத்தோலிக்கர். நீங்கள் இரட்சிப்பு என்பதை மீட்பு என்போம், மீட்பர் ஒருவரே என்பதில் உங்களுக்கும் எங்களுக்கும் வித்தியாசம் இல்லை. 2000-ல்கூட ரோமிலிருந்து வந்த அறிக்கை அதை அழுத்திச் சொன்னது. ஆனால் 1964-ல், எங்கள் உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருச்சபையைப் பற்றி வெளியிட்ட ஏட்டின் 16-ம் பத்தியை எடுத்துப் படியுங்கள். தன் குற்றம் இல்லாமல் நற்செய்தியை அறியாதவர், நேர்மையான உள்ளத்தோடு கடவுளைத் தேடி, மனச்சாட்சி சொன்னபடி நடந்தால் மீட்படையலாம் என்கிறது. வேறு மீட்பர் உண்டு என்று அது சொல்லவில்லை. அந்த ஒரே மீட்பரின் கை நம் கண்ணுக்குத் தெரிகிற எல்லையோடு நின்றுவிடாது என்கிறது. என் தம்பி அறியாதவன் இல்லையே, கேட்டும் மறுத்தவன் ஆயிற்றே என்பீர்கள். அவர் சுவர்ப்பக்கம் திரும்பியது இயேசுவைப் பார்த்தா, கேட்ட அண்ணனைப் பார்த்தா? அது உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

என் சம்பவம் 2004 டிசம்பர் 26, வேளாங்கண்ணி. கடல் ஏறி இறங்கிய பிறகு குழி வெட்டினார்கள். உடல்களைத் தூக்கியவர்களில் என் மாமாவும் ஒருவர், நான் அவரோடு தண்ணீர்க் குடம் சுமந்தேன். ஒரு பையனின் கையில் சிவப்புக் கயிறு, பக்கத்தில் ஒரு அம்மாவின் கழுத்தில் உத்திரியம், எங்கள் ஆட்கள் பக்திக்காக அணிவது. மாமா ஒரு நொடி தயங்கி ஃபாதரைப் பார்த்தார். ஃபாதரின் அங்கியில் முழங்கால் வரை சேறு. “சேத்து வைங்க” என்றார். பிறகு அந்தக் குழி முழுவதற்கும் ஒரே ஜெபம் சொன்னார், குரல் உடைந்து பாதியில் நின்று, திரும்ப முதலிலிருந்து தொடங்கினார். அந்த வத்திக்கான் சங்கம் 16-ம் பத்தியில் என்ன சொன்னது என்று பின்னாளில் படித்தபோது எனக்குப் புதிதாக ஒன்றும் இல்லை. நான் அதை ஏற்கெனவே கேட்டிருந்தேன்.

ஒற்றை அகல்

எல்லாரும் போனவர்களைப் பற்றிப் பேசுகிறீர்கள். என் அம்மா உயிரோடு இருக்கிறாள்.

நான் திருமணத்துக்குப் பிறகு இயேசுவிடம் வந்தவள். கணவரின் குடி, கடன். எந்தக் கிழமைக்கு எந்த விரதம், எந்தப் பரிகாரத்தை விட்டேன், எந்தச் சாமிக்குக் குறை வைத்தேன் என்று பயந்தே செத்துக்கொண்டிருந்தேன். “தேவனுக்கும் மனுஷருக்கும் மத்தியஸ்தரும் ஒருவரே” என்று முதல் தடவை கேட்டபோது, தலையிலிருந்து சுமையை இறக்கிவைத்த மாதிரி இருந்தது. ஒருவர்தானா, ஒருவர் போதுமா என்று அழுதேன். வெளியே இருக்கிறவர்களுக்கு அது கதவை அடைக்கிற வார்த்தையாகக் கேட்கிறது. எனக்கு அது கதவைத் திறந்த வார்த்தை. தாமிரபரணிக்கரை அண்ணா, அந்தப் பாட்டியும் அப்படித் திறந்த கதவு வழியாக வந்தவராக இருக்கலாம், கொஞ்சம் அதையும் நினைத்துப் பாருங்கள்.

ஆனால் இது நடந்தது. முதல் தைப்பொங்கலுக்கு அம்மா வீட்டுக்குப் போனேன். சூரியனுக்குப் படைத்துவிட்டு, வாழை இலைத் துண்டில் சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்து நீட்டினாள். முந்திரியெல்லாம் பொறுக்கி மேலே வைத்திருந்தாள், சின்ன வயதில் நான் முந்திரிக்குச் சண்டை போடுவேன் என்று. “படைச்சதும்மா, சாப்பிடக்கூடாது” என்றேன். அம்மா ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே போய் அந்த இலையை மூடிவைத்தாள். அன்றைக்கு அவளும் சாப்பிடவில்லை.

இப்போதெல்லாம் படைப்பதற்கு முன்பே ஒரு கிண்ணம் எனக்கென்று தனியாக எடுத்துவைத்துவிடுகிறாள். அவளாகக் கண்டுபிடித்த வழி. நான் அவளுக்காக ஜெபிக்கிறேன் என்று அவளுக்குத் தெரியும். எதற்காக ஜெபிக்கிறேன் என்று இதுவரை கேட்டதில்லை. கேட்டுவிடுவாளோ என்று ஒவ்வொரு பொங்கலுக்கும் பயந்துகொண்டே போகிறேன்.

முதலூர்ப் பேத்தி

எல்லாருக்கும் நன்றி. கிருபை அண்ணன், நீங்கள் எழுந்து போனதைப் படித்துவிட்டு நானும் அழுதேன். கஞ்சியைப் பற்றி எழுதிய வரியை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அம்மா வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, “வேப்பமரத்தடியில நின்னு உங்கப்பா பாட்டெல்லாம் கேட்டுட்டுத்தான் இருந்தார், வீட்டுக்கு வந்து ராகத்தை முணுமுணுப்பார்” என்றாள். எனக்கு அது தெரியாது.

பெரியம்மாவுக்கு இப்போது எண்பத்தொன்று. கண் மங்கிவிட்டது. அப்பா இறந்த நாளில் வருஷம் தவறாமல் போன் செய்து, தம்பியைச் சேர்த்துக்கொண்டதற்காக ஆண்டவருக்கு நன்றி சொல்லி ஜெபிப்பார். காலையில் நடந்ததை அவரிடம் சொல்லிவிடவேண்டும் என்று ஒவ்வொரு வருஷமும் நினைப்பேன். போன வாரம் அவராகவே கூப்பிட்டார். மூச்சு வாங்குகிறது, இனி அதிக நாள் இல்லை என்றார். “நீ கவலைப்படாத மக்கா. நான் முன்னால போயி உங்கப்பாவப் பாத்துக்கிடுதேன்” என்றார்.

சரி பெரியம்மா என்றேன்.