புதுப்பிப்பு: பழைய வீட்டில் லோடு போட்டாலே ஆர்சிசிபி விழுந்தது, காரணம் கிடைத்தது

யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. கேள்வி இதுதான்: லைட்டுக்கு ஒன்று, பவருக்கு ஒன்று என 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) இரண்டு போட்டதும், எந்த லோடு (லைட், கீசர் போன்றவை) போட்டாலும் ஏதாவது ஒன்று விழுந்தது, அதாவது டிரிப் ஆனது. லோடு இல்லாவிட்டால் நின்றது.

"ஈரச்சுவர் லீக்கேஜ்" என்ற ஊகம் சரியில்லை. எல்இடி பல்புகளையும் எலக்ட்ரானிக் ரெகுலேட்டர்களையும் கழற்றிவிட்டு 500 வோல்ட் மெக்கர் (வயர் இன்சுலேஷனைச் சோதிக்கும் கருவி) வைத்ததில், பேஸ்-எர்த், நியூட்ரல்-எர்த் இரண்டுமே 1 மெகா ஓமுக்கு மேல் காட்டின; அதாவது விழவைக்கும் அளவு கசிவு இல்லை.

பலித்தது "நியூட்ரல் கலந்திருக்கும்" என்ற யோசனைதான். மெயினை அணைத்து, மின்சாரம் இல்லை என்று சோதித்த பிறகு, இரண்டு ஆர்சிசிபிக்குமான நியூட்ரல் பாரிலிருந்தும் (நியூட்ரல் வயர்கள் சேரும் பட்டை) எல்லா வயரையும் கழற்றி, ஒரு பக்கத்துக்கும் மறுபக்கத்துக்கும் இடையே மல்டிமீட்டரில் கன்டினியூட்டி (இணைப்பு இருக்கிறதா என்று) பார்த்தோம். பீப் அடித்தது. அடிக்கவே கூடாது! மாடிப்படி ஜங்ஷன் பாக்ஸில் லைட் நியூட்ரலும் கீசர் நியூட்ரலும் ஒன்றாக முறுக்கப்பட்டிருந்தன. ஒரு ஆர்சிசிபி வழியாகப் போகும் கரன்ட்டில் ஒரு பகுதி மற்றதன் வழியாகத் திரும்பினால், இரண்டுமே அதைக் கசிவாகத்தான் பார்க்கும். பழைய ஃபியூஸ் போர்டில் நியூட்ரல் எல்லாம் ஒரே லிங்கில் இருந்ததால் இது தெரியவே இல்லை.

இரண்டையும் பிரித்து, லைட்டுக்குத் தனியாக 1.5 சதுர மிமீ கறுப்பு வயர் இழுத்ததும் சரியானது.

எதிர்பாராதது: கீசர் பிளக்கில் எர்த் வயரே இணைக்கப்படவில்லை. ஆர்சிசிபியில் உள்ள டெஸ்ட் பட்டன் வீட்டு எர்த்தைச் சோதிக்காது; அதை அழுத்தினால் எர்த் இல்லாமலும் ஆர்சிசிபி விழும். எர்த்தைத் தனியாகப் பாருங்கள்.