பழைய காரின் இன்ஜினைக் கைபேசியில் படிப்பது பயனுள்ளதா?

ஓட்டுநர்02 எழுதியது:

என்னுடைய கார் 2002ஆம் ஆண்டுத் தயாரிப்பு. செக் இன்ஜின் விளக்கு எரிந்ததால், ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள 16 முனை ஓபிடி சாக்கெட்டில் (வண்டியின் பழுதுப் பதிவைப் படிப்பதற்கான இணைப்பு) விலை குறைந்த புளூடூத் அடாப்டர் ஒன்றைச் செருகி, டேப்லெட்டுடன் இணைத்தேன். டேப்லெட் அடாப்டரைக் கண்டுகொண்டது. ஆனால் இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூவுடன் தொடர்பு கிடைக்கவில்லை என்றே செயலி திரும்பத் திரும்பச் சொல்கிறது. அதே அடாப்டர் என் சகோதரியின் புதிய காரில் நன்றாக வேலை செய்கிறது. பழைய வண்டிக்கு இந்த முறை ஒத்துவராது என்று விட்டுவிடலாமா?

பட்டறைக்குரல் எழுதியது:

விட்டுவிடுங்கள் நண்பரே. கம்பியுடன் வரும் சாதாரணக் கையடக்க ஸ்கேனரைச் செருகினால் ஒரு நிமிடத்தில் பழுதைக் குறிக்கும் கோட் எண் தெரிந்துவிடும். அதற்குப் புளூடூத்தும் வேண்டாம், செயலியும் வேண்டாம். செயலி வைத்திருப்பவர்கள் செய்யும் முதல் காரியம் கோட் எண்ணை அழிப்பதுதான் என்பது இன்னும் பெரிய கவலை. அழிக்கும் பொத்தானைத் தொட்டவுடன், பழுது ஏற்பட்ட நொடியில் இன்ஜின் எந்த வேகத்தில், எந்த வெப்பத்தில் இருந்தது என்று ஈசியூ சேமித்து வைத்த பதிவும் சேர்ந்தே போய்விடுகிறது. பிறகு வண்டி பட்டறைக்கு வரும்போது விளக்கும் எரியாது, தடயமும் இருக்காது. நாங்கள் எதை வைத்துத் தேடுவது?

கேலைன் எழுதியது:

கோட் எண்ணை அவசரப்பட்டு அழிக்கக் கூடாது என்பதில் பட்டறைக்குரல் அவர்களுடன் முழுமையாக உடன்படுகிறேன். அதற்காகக் கைபேசியே வேண்டாம் என்பதை ஏற்க முடியவில்லை.

முதலில் ஓட்டுநர்02 அவர்களின் சிக்கலைப் பார்ப்போம். சாக்கெட்டுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். 6, 14ஆம் இடங்கள் காலியாக இருந்து 7ஆம் இடத்தில் உலோக முனை இருந்தால், உங்கள் ஈசியூ பேசுவது புதிய கார்களின் கேன் மொழியை அல்ல, பழைய கே-லைன் மொழியை. அந்தக் காலத்துக் கார்கள் பலவற்றில் ஈசியூவை எழுப்புவதற்கே நொடிக்கு 5 பிட் என்ற ஆமை வேகத்தில் ஒரு முகவரியை அனுப்ப வேண்டும். அதற்கு மட்டும் 2 நொடி ஆகும். மலிவான அடாப்டர்களில் இருக்கும் ஈஎல்எம்327 சில்லின் நகல்கள் சில இந்த இடத்தில்தான் தோற்கின்றன. பல நகல்கள் தங்களைப் பதிப்பு 1.5 என்று அறிவித்துக்கொள்ளும். மூலச் சில்லைத் தயாரித்த நிறுவனம் அப்படியொரு பதிப்பை வெளியிட்டதே இல்லை. இக்னிஷனை ஆன் செய்துவிட்டு, செயலியில் 'தானாகத் தேடு' என்பதற்குப் பதிலாக, கே-லைன் வகைகளில் ஒன்றான ஐஎஸ்ஓ 9141-2 என்பதைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். அது சரிவராவிட்டால் கேடபிள்யூபி என்ற மற்ற கே-லைன் வகைகளை முயன்று பாருங்கள். அப்போதும் பேசவில்லை என்றால் குறை அடாப்டரில் இருக்கவே வாய்ப்பு அதிகம்.

இனி, கைபேசி எதற்கு என்ற கேள்விக்கு வருகிறேன். என் காரில் பி0171, அதாவது கலவையில் பெட்ரோல் குறைவு என்ற கோட் வந்தது. கோட் எண்ணை மட்டும் பார்த்திருந்தால் ஆக்சிஜன் சென்சாரை மாற்றியிருப்பேன். திரையில் ஃபியூயல் டிரிம் அளவை, அதாவது ஈசியூ பெட்ரோலை எவ்வளவு கூட்டிக் குறைத்துச் சரிசெய்கிறது என்பதைத் திறந்தபோது, ஐட்லிங்கில் கூட்டல் 19 விழுக்காடு காட்டியது; 2,500 ஆர்பிஎம்முக்கு உயர்த்திப் பிடித்ததும் 4க்கு இறங்கியது. இன்ஜின் நிறையக் காற்றை இழுக்கும்போது மறைந்துவிடும் பிழை என்றால், எங்கோ சிறு துளை வழியாகக் காற்று உள்ளே கசிகிறது என்று பொருள். இன்ஜினுக்குக் காற்று போகும் இன்டேக்குக்குப் பின்புறம் ஒரு வேக்குவம் குழாயை வளைத்துப் பார்த்தேன். வெளியில் தெரியாமல், வளைவின் அடிப்பக்கத்தில் நகக்கண் அளவுக்கு வெடித்திருந்தது.

பட்டறைக்குரல் எழுதியது:

நல்ல கண்டுபிடிப்பு, மறுக்கவில்லை. ஆனால் டிரிம் அளவை அப்படி வாசிக்கத் தெரிந்தவர் எத்தனை பேர்? மேலும் கே-லைனின் வேகம் நொடிக்கு 10,400 பிட். நொடிக்கு ஒரு சில அளவுகளுக்கு மேல் திரைக்கு வராது. ஒருவர் பத்து முள் வட்டங்களைத் திரையில் நிரப்பி வைத்துக்கொண்டு, ஆக்சிஜன் சென்சார் சோம்பலாக இருக்கிறது என்று முடிவு கட்டிப் புதியதை வாங்கிவந்தார். சோம்பல் சென்சாரில் இல்லை, இணைப்பில் இருந்தது.

கேலைன் எழுதியது:

அது நியாயமான எச்சரிக்கை. கே-லைன் வண்டியில் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று அளவுகளுக்கு மேல் வைக்கக் கூடாது என்பதை நானும் வலியுறுத்துவேன்.

ஓட்டுநர்02 எழுதியது:

இருவருக்கும் நன்றி. 7ஆம் இடத்தில் முனை இருக்கிறது. 6, 14 காலி. ஐஎஸ்ஓ 9141-2ஐத் தேர்ந்தெடுத்தும் பலனில்லை. கேடபிள்யூபி வகைகளும் அப்படியே. ஆகவே கே-லைனை உறுதியாக ஆதரிக்கும் வேறு அடாப்டரை வாங்கப் போகிறேன். என் மனைவியின் ஐபோனிலும் பார்க்க முடியுமா? வேலை முடிந்தபின் அடாப்டரைச் செருகியபடியே விடலாமா?

பட்டறைக்குரல் எழுதியது:

கட்டாயம் கழற்றிவிடுங்கள். 16ஆம் முனைக்கு, சாவியை எடுத்த பிறகும் பேட்டரியிலிருந்து மின்சாரம் வந்துகொண்டே இருக்கும். அடாப்டர் 50 மில்லிஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டாலும், மூன்று வாரம் நிறுத்திவைத்த வண்டியில் 25 ஆம்பியர்-மணி போய்விடும். பழைய பேட்டரி அதைத் தாங்காது. ஐபோனைப் பற்றிக் கேலைன் சொல்லட்டும்.

கேலைன் எழுதியது:

சாதாரணப் புளூடூத் அடாப்டரை ஐபோன் ஏற்காது. வைஃபை அல்லது புளூடூத் லோ எனர்ஜி வகையை வாங்கினால் இரண்டிலும் பார்க்கலாம். இணைப்பு கிடைத்தவுடன், எதையும் அழிக்காமல், சேமித்த பதிவின் திரையை முதலில் படம் எடுத்து வையுங்கள். டிரிம் அளவுகளையும் இங்கே எழுதுங்கள், சேர்ந்து பார்ப்போம்.