காற்றடித்தாலும் ட்ரோன் எல்லை தாண்டாது என்று நிரூபிக்க எந்த மென்பொருள்?

மோக்கா மாணவன்:
எல்லோருக்கும் வணக்கம். மொரீஷியஸில் ரெதுயி வளாகத்தில் கடைசி ஆண்டு புராஜெக்ட் செய்கிறேன். கரும்புத் தோட்டத்துக்கு மேல் பறக்கும் குவாட்காப்டர், தென்கிழக்குக் காற்று எப்படி மாறி மாறி அடித்தாலும் தோட்ட எல்லையைத் தாண்டாது என்று காட்ட வேண்டும். சிமுலேஷனில் ஒரு தடவைகூடத் தாண்டவில்லை. ஆனால் நீ ஓட்டிப் பார்க்காத காற்று வந்தால் என்ன ஆகும் என்று சார் கேட்கிறார், நியாயம்தானே. சரி என்று பைத்தானில் இன்டர்வெல் கணக்கு (ஓர் எண்ணுக்குப் பதில் குறைந்தது முதல் அதிகபட்சம் வரை ஓர் இடைவெளி) எழுதினால், சில நொடிகளிலேயே ட்ரோன் இருக்கக்கூடிய இடங்களை அடைக்கும் பெட்டி தோட்டத்தைவிடப் பெரிதாக ஊதிவிடுகிறது. இதற்கு மேட்லாப்பில் ஓடும் கோரா என்ற கருவி நல்லது என்கிறார்கள், ஆனால் என்னிடம் மேட்லாப் இல்லை. வேறு என்ன இருக்கிறது?

ரோஸ்ஹில் அக்கா:
தம்பி, பெட்டி ஏன் ஊதுகிறது என்று முதலில் பாருங்கள். ஒரு சதுரத்தை 45 பாகை திருப்பி, அதைச் சுற்றி நேரான பெட்டி போடுங்கள், பரப்பளவு இரட்டிப்பாகிவிடும். இப்படியே 8 படியில் ஒரு முழுச் சுற்று வந்தால் பக்கம் 16 மடங்கு. ஒவ்வொரு படியையும் பொடியாக்கினால் குறையும் என்றுதான் தோன்றும், ஆனால் அது 535 மடங்கை நெருங்கும்! உண்மையான சதுரமோ இம்மியும் வளரவில்லை. சோனோடோப்பில் (கோட்டுத் துண்டுகளைக் கூட்டிக் கிடைக்கும் சமச்சீர் வடிவம்) இந்தத் தொல்லை இல்லை, ஏனென்றால் திருப்புவது, நீட்டுவது போன்ற எந்த நேரியல் மாற்றத்துக்குப் பிறகும் சோனோடோப் சோனோடோப்பாகவே இருக்கும். காற்றைச் சேர்க்கச் சேர்க்க ஜெனரேட்டர்கள் (அந்தக் கோட்டுத் துண்டுகள்) பெருகும், அவ்வப்போது குறைக்க வேண்டும், அவ்வளவுதான். இந்த வழியில் ஆய்வாளர் ஜிரார் 2005இல் எழுதிய கட்டுரையைக் கட்டாயம் படியுங்கள்.

கத்ர்போர்ன்காரன்:
அக்கா சொன்னது சரி. மென்பொருள் என்றால், ஒரே இடத்தில் மிதக்கிற நிலையை ஒட்டி நேரியலாக்கிய (வளைவை நேர்க்கோடாக எடுத்துக்கொண்ட) மாடலுக்கு ஸ்பேஸ்எக்ஸ் போதும் (ராக்கெட் கம்பெனி இல்லை, கிரெனோபிளில் வெரிமாக் ஆய்வகத்தில் உருவானது). அது சப்போர்ட் ஃபங்ஷன் (ஒவ்வொரு திசையிலும் வடிவம் எவ்வளவு தூரம் நீள்கிறது என்ற அளவு) வைத்துக் கணக்கிடுவதால் இடம், வேகம் போன்ற நிலை மாறிகள் கூடினாலும் தாங்கும். ஆனால் நேரியலாக்கும்போது விட்ட பிழையையும் காற்றோடு சேர்த்துக் கணக்கில் எடுக்காவிட்டால் அது நிஜ ட்ரோனுக்கு நிரூபணம் ஆகாது. சைன், கோசைனை அப்படியே வைக்க வேண்டுமானால் டெய்லர் மாடல் (பல்லுறுப்புக்கோவையும் அதன் பிழைக்கான இடைவெளியும் சேர்ந்தது) பக்கம் போங்கள்: ஃப்ளோ ஸ்டார் அல்லது ஜூலியாரீச். இரண்டுக்கும் காசு வேண்டாம். உங்கள் நிலைமையில் நான் ஜூலியாரீச்தான் எடுப்பேன், பைத்தான் தெரிந்தவருக்கு ஜூலியா சீக்கிரம் கைவரும்.

மோக்கா மாணவன்:
ரொம்ப நன்றி. காற்றை ஒரு மாறிலியாக வைத்து, அதன் தொடக்க மதிப்பை மட்டும் இடைவெளியாகக் கொடுக்கலாமா?

ரோஸ்ஹில் அக்கா:
கூடாது! அப்படிச் செய்தால் காற்று கடைசிவரை ஒரே வேகத்தில் அடிக்கிறது என்றுதான் கணக்காகும், விட்டு விட்டு வீசுகிற காற்று அதில் வரவே வராது. ஒவ்வொரு நொடியும் வேக வரம்புக்குள் எப்படியும் மாறலாம் என்று உள்ளீட்டுக் கணமாக (இருக்கக்கூடிய மதிப்புகளின் தொகுப்பாக) கொடுங்கள். புயல் எச்சரிக்கை நாளில் யாரும் ட்ரோன் பறக்கவிடப் போவதில்லை, அதனால் சாதாரண நாளின் உச்ச வேகமே வரம்பாக இருக்கட்டும், அதை அறிக்கையிலும் எழுதிவிடுங்கள். அப்புறம், கணக்கிட்ட கணம் வேலியைத் தொட்டால் ட்ரோன் தாண்டிவிடும் என்று முடிவு கட்டாதீர்கள். அது மிகைமதிப்பீடு, தொடக்க நிலைகளின் கணத்தைத் துண்டுகளாகப் பிரித்து மறுபடி ஓட்டிப் பாருங்கள்.