ஸ்டில்ட் பார்க்கிங்கில் 60 மி.மீ. குறைகிறது, வழி சொல்லுங்கள்

குழுவில் உள்ள இன்ஜினியர்கள், பிளான் போடுபவர்களுக்கு வணக்கம்.

சென்னையில் ஆறு வீடுகள் கொண்ட ஸ்டில்ட் (தூண்கள் மட்டும் நிற்கும், கார் நிறுத்தும் தரைத்தளம்) + 3 மாடிக் கட்டடம். ஆறு கார் இடம் காட்ட வேண்டும், ஒவ்வொன்றும் 2.5 × 5 மீட்டர். தூண் மையத்திலிருந்து மையம் 5.20 மீட்டர். தூண் 230 மி.மீ., இருபக்கப் பூச்சு 30 மி.மீ. கழித்தால் மிஞ்சுவது 4.94 மீட்டர்தான். இரு தூண்களுக்கு நடுவே இரண்டு கார் நிற்க 5 மீட்டர் வேண்டும். பிளானில் பூச்சைக் கணக்கில் எடுக்காமல் விட்டுவிடுகிறார்கள், கம்ப்ளீஷன் சான்றிதழுக்கு டேப் பிடிக்கும்போதுதான் மாட்டுகிறது.

மூன்று பே-யையும் (தூணுக்குத் தூண் உள்ள பகுதி) 5.26 மீட்டர் ஆக்கினால் மொத்தம் 180 மி.மீ. கூடும். அது கட்டடத்துக்கும் மனை எல்லைக்கும் நடுவே உள்ள பக்கவாட்டு இடைவெளியைத் தின்றுவிடும். ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்துவது வேண்டாம். வேறு வேறு வீட்டுக்காரர்கள், தினமும் சண்டைதான் வரும்.

என் கேள்விகள்: தூணைப் பூசாமல் ஃபார்ம் ஃபினிஷாக (அச்சுப் பலகை பிரித்த கான்கிரீட் பரப்பாகவே) விட்டாலும் 30 மி.மீ. குறைகிறதே, தூணை 200 மி.மீ. ஆக்கினால் கம்பிக்கும் கவரிங்கிற்கும் (கம்பியை மூடும் கான்கிரீட்) இடம் போதுமா? சம்ப் மூடி ஒரு காரின் சக்கரத்தடியில் வருகிறது, அதற்கு ஸ்லாப் கனம் எவ்வளவு வைக்கிறீர்கள்? இபி மீட்டர் பெட்டியை எங்கே ஒதுக்குகிறீர்கள்? ஃபவுண்டேஷன் மார்க்கிங் இன்னும் போடவில்லை, இப்போது சொன்னால் மாற்றிவிடலாம்.