கார்கோ டிரெய்லரை கேம்பராக்குகிறேன்: கூரை வியர்க்கிறது, வழி சொல்லுங்கள்

கனடாவின் ஒன்டாரியோவில் 6க்கு 12 அடி மூடிய கார்கோ டிரெய்லர் (காரின் பின்னால் இழுக்கும் சரக்குப் பெட்டி வண்டி) ஒன்றை கேம்பராக, அதாவது பயணத்தில் படுத்துத் தங்கும் வண்டியாக, மாற்றிக்கொண்டிருக்கிறேன். கட்டில், மடக்கு மேசை எல்லாம் சரி, தச்சு வேலை ஓரளவு வரும். தொல்லை ஈரம்தான். இரண்டு பேர் படுத்தாலே விடியும்போது கூரையின் இரும்புச் சட்டங்களில் வரிசையாக நீர் கோத்து, போர்வையில் சொட்டுகிறது.

சட்டங்களுக்கு நடுவே குளிரைத் தடுக்க 1 அங்குல ஃபோம் பலகை வைத்தாலும் இரும்பு வழியே குளிர் இறங்கத்தானே செய்யும்? சட்டத்தின் மேலும் ஓர் அடுக்கு போட வேண்டுமா, இல்லை பீய்ச்சி அடிக்கும் ஸ்ப்ரே ஃபோமே நல்லதா? கூரையில் 14 அங்குல விசிறி வைக்கப்போகிறேன். காற்று உள்ளே வர வழி எங்கே விட்டீர்கள்?

அப்புறம், ஒற்றை அச்சு, மொத்த எடை வரம்பு 2990 பவுண்டு, கனமான யோசனை வேண்டாம். புகை வெளியே போகாத புரொப்பேன் ஹீட்டரும் வேண்டவே வேண்டாம்; அது ஈரத்தைக் கூட்டும், கார்பன் மோனாக்சைடு பயம் வேறு. செய்து பார்த்தவர்கள் படம் போட்டால் புண்ணியமாகப் போகும்.