ரேஷன் அட்டை பொள்ளாச்சியில், குடியிருப்பு கொழிஞ்சாம்பாறையில்: குழந்தையின் இதய ஆபரேஷனுக்கு எந்தக் காப்பீடு?

வேலந்தாவளம் எழுதியது:

வணக்கங்க. 7 மாதக் குழந்தை. எக்கோவில் (இதய ஸ்கேன்) விஎஸ்டி, அதாவது இதயத்தின் கீழறைச் சுவரில் ஓட்டை, அதுவும் பெரிது என்று வந்திருக்கிறது. ஆபரேஷன் தேவை என்று சொல்லிவிட்டார்கள். அப்பாவுக்குத் தென்னந்தோப்பில் தினக்கூலி. குடியிருப்பது கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறையில் வாடகை வீடு. ரேஷன் அட்டை பொள்ளாச்சி முகவரியில் இருக்கிறது, குழந்தை பெயர் இன்னும் அதில் ஏறவில்லை. பிரசவம் பாலக்காட்டில், பிறப்புச் சான்று கேரளத்தினுடையது. தமிழ்நாட்டு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை கையில் உண்டு. அக்கம்பக்கத்தில் எல்லாரும் "கார்டைக் கேரளாவுக்கு மாத்திடுங்க, காருண்யா கிடைக்கும்" என்கிறார்கள். மாற்றலாமா? இந்த அட்டை கொச்சியில் செல்லுமா? எங்கிருந்து தொடங்குவது?

சித்தூர்ப்புழை எழுதியது:

கார்டை இப்போது மாற்றவே மாற்றாதீங்க. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், காரணம் பிறகு.

கேரள அரசின் மருத்துவக் காப்பீடான காருண்யா ஆரோக்கிய சுரக்ஷா திட்டத்தை இங்கே சுருக்கமாகக் காஸ்ப் என்பார்கள். கேரளத்து ரேஷன் அட்டை வாங்கிவிட்டால் அது தானாக வந்துவிடாது, மஞ்சள் அட்டையோ பிங்க் அட்டையோ எதுவாக இருந்தாலும். 2011 சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பின் பட்டியலில் இருந்த குடும்பங்களும், ஏழைகளுக்கான பழைய மத்தியக் காப்பீடான ஆர்எஸ்பிஒய் அட்டையை 2018-19இல் புதுப்பித்த குடும்பங்களும்தான் அதில் இருக்கின்றன. இன்று குடிபெயர்ந்து வரும் குடும்பத்துக்கு அந்தக் கதவு திறந்திருக்கவில்லை. பொள்ளாச்சி அட்டையில் பெயரை நீக்கிவிட்டால் தமிழ்நாட்டுக் காப்பீடும் போகும், காஸ்பும் வராது. ஆபரேஷன் தேதி நெருங்கும்போது கையில் ஒன்றும் இருக்காது. எல்லையோரத்தில் இந்தத் தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது.

இன்னொன்று, பிறவி இதயக் கோளாறுக்கு நீங்கள் முதலில் தேட வேண்டியது காப்பீட்டு அட்டையே அல்ல. 2017 முதல் கேரள அரசு நடத்தும் ஹிருத்யம் திட்டம் இதற்கென்றே இருக்கிறது. 18 வயதுக்கு உட்பட்டோருக்கு, வருமான வரம்பு கிடையாது, ரேஷன் அட்டையின் நிறமும் பார்ப்பதில்லை. ஹிருத்யம் தளத்தில் பெற்றோரே பதிவு செய்யலாம். எக்கோ அறிக்கையை ஏற்றுங்கள், எப்போதும் எடுக்கிற கைப்பேசி எண்ணையே கொடுங்கள், கிடைக்கும் பதிவு எண்ணைக் குறித்து வையுங்கள். இதய நிபுணர்கள் அறிக்கையைப் பார்த்து எவ்வளவு அவசரம் என்று வகைப்படுத்தி, மருத்துவமனை ஒதுக்குவார்கள். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திராவும் கோட்டயம் மருத்துவக் கல்லூரியும் இதில் உண்டு, பட்டியலில் உள்ள சில தனியார் மருத்துவமனைகளும் உண்டு.

இணையத்தில் பதிந்துவிட்டுக் காத்திருப்பது போதாது. அங்கன்வாடி டீச்சரிடமோ ஊர்ச் சுகாதாரப் பணியாளரான ஆஷாவிடமோ சொல்லி, பாலக்காடு மாவட்டத்தின் டிஇஐசிக்கு, அதாவது குழந்தைகளுக்கான ஆரம்பத் தலையீட்டு மையத்துக்கு, நேரில் போங்கள். அட்டை தமிழ்நாடு, வசிப்பது கேரளா என்பதை மறைக்காமல் முதல் நாளே சொல்லுங்கள். வாடகை ஒப்பந்தம், கேரளப் பிறப்புச் சான்று, இங்கே போட்ட தடுப்பூசி அட்டை மூன்றையும் எடுத்துப் போங்கள். குழந்தை இங்கேதான் வளர்கிறது என்று காட்ட அந்தத் தடுப்பூசி அட்டை நல்ல துணை.

ஒரு விஷயம் மட்டும் தள்ளிப்போட முடியாதது. ஓட்டை பெரிதாக இருந்தால் நுரையீரலுக்கு ரத்தம் அளவுக்கு மீறிப் பாயும். நாளாக நாளாக அங்கே ரத்த அழுத்தம் ஏறி, ஒரு கட்டத்துக்குப் பிறகு ஓட்டையை அடைக்கவே முடியாத நிலை வந்துவிடும். பால் குடிக்கும்போது வியர்ப்பது, மூச்சு வாங்குவது, எடை ஏறாமல் நிற்பது இவை இருந்தால் காகிதம் சரியாகும்வரை காத்திருக்காமல் உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.

ஆனைமலை ரோடு எழுதியது:

மேலே சொன்னதோடு, பொள்ளாச்சி வழியையும் சேர்த்தே ஓட்டுங்க. இரண்டில் எது முந்துகிறதோ அதில் போகலாம்.

முதலமைச்சர் காப்பீட்டில் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம். இது தலைக்கு இவ்வளவு என்று இல்லை, வீட்டில் எல்லாருக்கும் சேர்த்துத்தான். அட்டையில் யார் என்பதை ரேஷன் அட்டைதான் தீர்மானிக்கிறது, ஆகவே குழந்தை பெயரை இன்றே ஏற்றுங்கள். ஈ-சேவை மையத்திலோ உணவு வழங்கல் துறை தளத்திலோ செய்யலாம். கேரளத்துப் பிறப்புச் சான்று செல்லும், ஆனால் அதில் குழந்தையின் பெயர் எழுதியிருக்க வேண்டும். பெயரில்லாமல் பதிவாகி நிற்கும் சான்று நிறைய உண்டு. அப்படியானால் முதலில் பிறப்பைப் பதிந்த உள்ளாட்சி அலுவலகத்தில் பெயர் சேர்க்க வேண்டும். பிறகு பொள்ளாச்சி கார்டு, அதன் பிறகு கோவை ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையம். இந்த வரிசை மாறினால் ஒவ்வொரு கவுண்டரிலும் திருப்பி அனுப்புவார்கள்.

5 வயதுக்குக் கீழ் கைரேகை எடுப்பதில்லை. நீல நிறக் குழந்தை ஆதார் பெற்றோர் ஒருவரின் ஆதாரை வைத்துக் கிடைத்துவிடும், அதையும் எடுத்து வையுங்கள்.

மருத்துவமனை விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. "இங்கே முதலமைச்சர் காப்பீடு ஏற்கப்படும்" என்ற பலகையை மட்டும் நம்பாதீர்கள். அங்கீகாரம் பிரிவு வாரியாகத் தருவது. எலும்பு ஆபரேஷனுக்கு அனுமதி பெற்ற இடத்துக்குக் குழந்தை இதய ஆபரேஷன் அனுமதி இல்லாமல் இருக்கலாம். 1800 425 3993க்கு அழைத்து, மருத்துவமனையையும் நோயையும் சேர்த்துச் சொல்லிக் கேளுங்கள். கட்டணமில்லா எண்.

பணம் கட்டிவிட்டுப் பிறகு திரும்ப வாங்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இது ரொக்கமில்லாத் திட்டம். அட்மிஷன் அன்றே அட்டையைக் காட்டி, முன் ஒப்புதல் வந்த பிறகுதான் ஆபரேஷன் தேதி.

மீனாட்சிபுரம் எழுதியது:

கேரளாவில் செல்லுமா என்ற கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. தமிழ்நாட்டு அட்டை வைத்திருக்கும் எல்லாருக்கும் வெளிமாநிலத்தில் செல்லாது. மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுப் பட்டியலில், அதாவது அதே 2011 கணக்கெடுப்பில், குடும்பம் இருந்தால்தான் மற்ற மாநிலத்தில் பயன்படுத்த முடியும். பார்வைக்கு எல்லா அட்டையும் ஒன்றுபோல இருப்பதால்தான் ஏமாற்றம் வருகிறது. அந்தத் திட்டத்தின் உதவி எண் 14555ல் ஆதார் எண்ணோடு கேட்டால் பட்டியலில் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். ஆஸ்பத்திரி வாசலில் போய்க் கேட்க வேண்டாம், பஸ் ஏறும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

வேலந்தாவளம் எழுதியது:

மிக்க நன்றிங்க. இன்னும் இரண்டு சந்தேகம். பிறப்புச் சான்றில் அப்பா பெயருக்குப் பின்னால் இனிஷியல், பொள்ளாச்சி கார்டில் முன்னால். எழுத்தும் ஒன்றிரண்டு மாறியிருக்கிறது. ஆபரேஷன் வரைக்கும் மருந்து, எக்கோ, போக்குவரத்துச் செலவு எதில் வரும்?

சித்தூர்ப்புழை எழுதியது:

இனிஷியல் இடம் மாறுவதைப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள், எழுத்து மாறினால்தான் நிறுத்துவார்கள். அப்பாவின் ஆதாரில் எப்படி இருக்கிறதோ அதையே அளவாக வைத்து, பிறப்புச் சான்றைத் திருத்தக் கொடுங்கள். ஆதாரை மாற்றப் போகாதீர்கள், அதை மாற்றினால் மற்ற எல்லாம் மாறும்.

ஆபரேஷனுக்கு முன் வெளிநோயாளியாகப் பார்க்கும் செலவைப் பொதுவாகக் காப்பீடு ஏற்காது. அதற்கு இங்கே ஆரோக்ய கிரணம் என்ற கேரள அரசுத் திட்டம் இருக்கிறது. 18 வயது வரை அரசு மருத்துவமனையில் மருந்தும் பரிசோதனையும் இலவசம், அரசு ஊழியர் குழந்தைகளும் வருமான வரி கட்டுவோர் குழந்தைகளும் மட்டும் விலக்கு. ஒரு வயதுக்குள் நோயுற்ற குழந்தைக்கு அரசு மருத்துவமனைச் சிகிச்சையோடு வண்டியும் இலவசமாகத் தரும் மத்தியத் திட்டம் ஜேஎஸ்எஸ்கே. உங்கள் குழந்தைக்கு இன்னும் 5 மாதம் அது உண்டு, கேட்டு வாங்குங்கள். சந்தேகம் வந்தால் 1056, கேரளத்தின் திசா என்ற சுகாதார உதவி எண், இரவிலும் எடுப்பார்கள்.

ஆனைமலை ரோடு எழுதியது:

எக்கோ அறிக்கையின் அசலை எந்த அலுவலகத்திலும் விட்டுவிட்டு வராதீங்க. நகல் நான்கு போதும். திங்கட்கிழமை காலையில் டிஇஐசி, பிறந்த ஊர் அலுவலகம் மறுநாள், அப்புறம்தான் பொள்ளாச்சி.